பழைய படக் கார்டுகளைப் படிக்கும் முறை



கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம்மிடம் ஒருவர் நூறு வெள்ளி நோட்டை நீட்டினால், அதை அப்படியே வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவதில்லை. விரலால் தடவிப் பார்க்கிறோம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறோம். சந்தேகம் தட்டினால் இன்னொரு நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். இந்தப் பழக்கத்தை யாரும் நமக்குப் பள்ளிக்கூடத்தில் கற்றுக் கொடுக்கவில்லை; தொழில் கற்றுக் கொடுத்தது. இதே கண்ணோடு பழைய படக் கார்டு ஒன்றைப் பார்த்தால், அது நம் பாட்டன்மார் வாழ்ந்த காலத்தைப் பற்றிப் பல விஷயங்களைச் சொல்லும். எப்படிப் பார்ப்பது என்பதைப் படிப்படியாக எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

படக் கார்டு என்று நான் சொல்வது, ஒரு பக்கம் பள்ளிவாசல், மணிக்கூண்டு, கடைத்தெரு, தேயிலைத் தோட்டம் போன்ற படமும், மறுபக்கம் விலாசமும் செய்தியும் எழுத இடமும் உள்ள தபால் அட்டையை. பழைய கடைகளைக் காலி செய்யும்போது கணக்குப் புத்தகங்களோடும் ரசீதுக் கட்டுகளோடும் இவையும் குப்பைக்குப் போகின்றன. சபுராளிகளாகக் கடல் கடந்து வந்த நம் முன்னோர், தங்களைப் பற்றிப் புத்தகம் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. அவர்கள் விட்டுப்போனவை இத்தகைய துண்டுக் காகிதங்கள்தாம். அவற்றையும் எறிந்துவிட்டால், நம்மைப் பற்றிப் பிறர் எழுதியது மட்டுமே மிஞ்சும்.

கார்டு பிறந்த வரலாறு

உறை இல்லாமல் அனுப்பும் தபால் அட்டையை முதன்முதலில் வெளியிட்டது ஆஸ்திரிய ஹங்கேரி அரசாங்கம். அது 1869-ம் வருஷம் அக்டோபர் முதல் தேதி. மறு வருஷமே இங்கிலாந்து அதைப் பின்பற்றியது. இந்தியாவில் 1879 ஜூலை முதல் தேதி கால் அணா கார்டு வந்தது. இவை யாவும் அரசாங்கமே அச்சிட்ட, படமில்லாத அட்டைகள்.

தனியார் அச்சிட்ட படக் கார்டுகளுக்கு இங்கிலாந்துத் தபால் இலாகா 1894-ல் அனுமதி கொடுத்தது. அப்பொழுது ஒரு விதி இருந்தது: படமில்லாத பக்கத்தில் விலாசம் மட்டுமே எழுதலாம், செய்தியைப் படத்தின் ஓரத்தில்தான் எழுத வேண்டும். 1902-ல் இங்கிலாந்து இதை மாற்றி, பின்பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரித்து, இடப்புறம் செய்தியும் வலப்புறம் விலாசமும் எழுத இடமளித்தது. 1906-ல் ரோமாபுரியில் கூடிய உலகத் தபால் மகாநாடு இதை எல்லா நாடுகளுக்கும் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு முதல் உலகப் போர் வரையில் படக் கார்டுக்கு இருந்த மவுசு கொஞ்சமல்ல. போட்டோ எடுப்பது பணக்காரருக்கே எட்டிய காலத்தில், சில காசுக்கு ஊரின் படத்தை வாங்கி, இன்னும் சில காசுக்கு அதை ஊருக்கே அனுப்ப முடிந்தது.

நம் பக்கத்தில் இந்த வியாபாரத்தை நடத்தியவர்கள் துறைமுக நகரங்களின் போட்டோக் கடைக்காரர்கள். சிங்கப்பூரில் லாம்பர்ட் கம்பெனி. கொழும்பில் 1890-ல் தொடங்கிய பிளாத்தே கம்பெனி. சென்னையில் வீல் அண்டு கிளைன், ஹிக்கின்பாதம்ஸ் முதலியோர். பினாங்கில் எஸ்.எம். மாணிக்கம் என்ற தமிழரின் பெயரும் கார்டுகளின் பின்னால் அச்சாகியிருப்பதைக் காணலாம். வெள்ளைக்காரரும் ஜப்பானியரும் நிறைந்த ஒரு தொழிலில் தமிழர் ஒருவர் தம் பெயரைப் போட்டுச் சரக்கு விற்றார் என்பது வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

முதற் பாடம்: காலத்தைக் கண்டுபிடிப்பது

கார்டில் தபால் முத்திரை இருந்தால் அதிலுள்ள தேதியே படத்தின் தேதி என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. ஒரு படத்தை ஒரு தடவை எடுத்துவிட்டு, அதே அச்சிலிருந்து பத்துப் பதினைந்து வருஷம் கார்டு போட்டு விற்றார்கள். கடையில் தங்கிய சரக்கும் பின்னாளில் விலை போயிருக்கும். ஆகையால் முத்திரை காட்டுவது, படம் இந்தத் தேதிக்குப் பிந்தியதல்ல என்பதை மட்டுமே. முந்திய எல்லையை வேறு அடையாளங்களால் கண்டுபிடிக்க வேண்டும். அவை வருமாறு:

1. பின்பக்கம். நடுவில் பிரிக்கப்படாமல் விலாசத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தால் அந்த அட்டை பெரும்பாலும் 1907-க்கு முன் அச்சானது. நடுக்கோடு இருந்தால் 1902-க்கு முந்தியதாக இருக்க முடியாது.

2. தபால் தலை. பகாங் மாநிலத்தில் 1900 முதல் 1935 வரை, மலாய் ஐக்கிய மாநிலங்களின் பாயும் புலித் தலைகளே வழங்கின. 1935-ல் பகாங் சுல்தான் அபூபக்கர் அவர்களின் படம் போட்ட தலைகள் வந்தன. தலையின்மேல் டாய் நிப்பொன் என்றும் 2602 என்றும் மேலச்சு இருந்தால் அது ஜப்பானியர் ஆட்சிக் காலம். அவர்களுடைய 2602-ம் ஆண்டு நம்முடைய 1942. பி.எம்.ஏ. மலாயா என்று மேலச்சு இருந்தால், போர் முடிந்து பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் திரும்பிய 1945-க்குப் பிந்தியது.

3. கட்டடம். கோலாலம்பூர் ஜாமிஉப் பள்ளிவாசல் திறக்கப்பட்டது 1909-ல். கோலாலம்பூரின் புகழ்பெற்ற ரயில் நிலையக் கட்டடம் 1910-ல் வந்தது. பினாங்கு மணிக்கூண்டு, விக்டோரியா மகாராணியின் அறுபதாண்டு ஆட்சி நினைவாக அறுபது அடி உயரத்தில் கட்டப்பட்டு 1902-ல் முடிந்தது. இவை படத்தில் இருந்தால் படம் அந்த வருஷத்துக்குப் பிந்தியது. கட்டடம் அழிந்துபோனாலும் கணக்குத் தெரியும். சென்னை மூர் மார்க்கெட் 1900-ல் திறக்கப்பட்டு 1985-ல் எரிந்துபோனது. அதை நேரில் எடுத்த எந்தப் படமும் இந்த இரண்டு வருஷங்களுக்குள் அடங்க வேண்டும். பினாங்கு கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் ஒரே தோற்றத்தில் இருந்ததல்ல. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழும்பிய பள்ளி, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாயப் பாணியில் குவிமாடங்களோடு திருத்தப்பட்டது. 1930-களில் மறுபடியும் பெரிதாக்கப்பட்டது. கார்டில் எந்தத் தோற்றம் இருக்கிறது என்று பார்த்தால் காலம் புலப்படும்.

4. அச்சும் அளவும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சீரான புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது அச்சு இயந்திரத்தில் அடித்த படம். புள்ளியே இல்லாமல் நிழல் வழவழப்பாக இறங்கினால் அது போட்டோத் தாளிலேயே கழுவி எடுத்தது. பழைய போட்டோவின் இருண்ட இடங்களில் வெள்ளி பூத்ததுபோல் ஒரு மினுமினுப்பு ஏறியிருக்கும். பழைய கார்டின் அளவு ஏறக்குறைய ஐந்தரை அங்குல நீளம், மூன்றரை அங்குல அகலம். ஆறுக்கு நாலு அங்குலத்தில் பளபளப்பான வண்ணத்தில் இருப்பது பெரும்பாலும் பின்னாளைய சரக்கு.

இப்பொழுது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜாமிஉப் பள்ளிவாசல் படம், பின்னால் நடுக்கோடு, புலித் தலை, முத்திரை 1912. நடுக்கோட்டால் 1902-க்குப் பின். கட்டடத்தால் 1909-க்குப் பின். முத்திரையால் 1912-க்கு முன். ஆகவே படம் எடுத்தது 1909-க்கும் 1912-க்கும் இடையில். வரவும் செலவும் போல இருபுறமும் நெருக்கிக்கொண்டே வந்தால் விடை நடுவில் நிற்கும்.

இரண்டாம் பாடம்: நம் மலையின் கார்டுகள்

இனி நாம் இருக்கும் இடத்துக்கு வருவோம். இந்த மலையின் பெயருக்குக் காரணமான வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இங்கு வந்தது 1885-ல். அதன்பின் நாற்பது வருஷம் மலை பெரும்பாலும் காடாகவே கிடந்தது. 1925-க்குப் பிறகே அரசாங்கம் இதை மலைவாசத் தலமாக்க முற்பட்டது. தாப்பாவிலிருந்து ஏறிவரும் சாலை 1931-ல் முடிந்தது. போ தேயிலைத் தோட்டத்தை ரஸ்ஸல் என்பவர் தொடங்கியது 1929-ல். பாரத் தோட்டம், அகர்வால் என்ற வட இந்தியரால் 1933-ல் தொடங்கப்பட்டது.

இந்த வருஷங்களை மனத்தில் வைத்துக்கொண்டால் ஒரு மோசடியிலிருந்து தப்பலாம். கூடையைச் சுமந்து கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பெண்களின் படத்தைக் காட்டி, "இது கேமரன் மலை, 1905-ம் வருஷத்துக் கார்டு" என்று ஒருவர் விலை சொன்னால், அந்த விலையைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. 1905-ல் இங்கே தோட்டமும் இல்லை, கார் வரும் சாலையும் இல்லை. அக்காலத்துத் தேயிலைக் கார்டுகளில் மிகுதியானவை இலங்கையில் எடுத்தவை. அங்கே 1867 முதலே தேயிலை தோட்டப் பயிராக நட்டு வந்தார்கள். கொழும்புக் கம்பெனிகள் கொழுந்து கிள்ளும் பெண்களின் படங்களை ஏராளமாக வெளியிட்டன. இலங்கைக் கார்டு மட்டம் என்று நான் சொல்லவில்லை. ஒன்றின் பெயரில் இன்னொன்றை விற்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

நம் பள்ளத்தாக்குக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. ரிங்லெட் ஊரை அடுத்துள்ள ஏரி இயற்கையாக உண்டானதல்ல. 1960-களின் தொடக்கத்தில் மின்சாரத் திட்டத்துக்காக பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே கட்டி முடித்த சுல்தான் அபூபக்கர் அணையால் தேங்கியது. ஏரி தெரிந்தால் படம் அணைக்குப் பிந்தியது. அதே இடத்தில் ஆறு மட்டும் ஓடினால் முந்தியது. தோட்டப் படங்களில் கைகளையும் கவனியுங்கள். வெறுங்கையால் கொழுந்து கிள்ளுவது பழைய முறை. கத்தரியும், இருவர் பிடித்து வரும் இயந்திரமும் பின்னாளில் வந்தவை. அவற்றைப் பிடித்திருப்பவர்களும் இன்று பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். கொழுந்துக் கூடையோடு நம் பெண்கள் நின்ற காலத்துக்கு இன்று சாட்சி சொல்லக் கூடியவை, தோட்டத்துப் பெரியவர்களின் ஞாபகமும் இத்தகைய படங்களுமே.

மூன்றாம் பாடம்: படத்தின் கீழே எழுதியதை நம்பலாமா?

கார்டு ஒரு விற்பனைச் சரக்கு. வாங்கியவர்களில் பெரும்பாலோர் கப்பலில் வந்துபோன வெள்ளைக்காரர்கள். அவர்களுக்கு என்ன பிடிக்குமோ அதையே போட்டோக்காரர் எடுத்தார். வீதியோரத்தில் பணம் மாற்றுபவர், நாவிதர், வண்டிக்காரர், நகை பூட்டிய பெண் ஆகியோரை நிறுத்தி வைத்து எடுத்தார். எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். தோட்டத்தின் பச்சைச் சரிவு கார்டில் வரும். தொழிலாளர் குடியிருந்த லயத்தின் உள்பக்கம் வருவது அரிது.

கீழே எழுதிய தலைப்பில் ஊரின் பெயர் இருக்கும். துரையின் பங்களாவுக்கும் பெயர் இருக்கும். நிற்கும் மனிதருக்குப் பெயர் இராது. தமிழ்க் கூலி என்றோ கிளிங் என்றோ இருக்கும். கிளிங் என்பது கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். வேர் எதுவானாலும், நாளடைவில் அது நம்மவரைக் குத்தும் சொல்லாகிவிட்டது. இந்த மலையின் பூர்வகுடிகளாகிய ஒராங் அஸ்லி மக்களைப் பழைய கார்டுகள் சாக்காய் என்று குறித்தன. அடிமை என்ற வாடை வீசும் அந்தச் சொல்லை அவர்கள் வெறுத்தார்கள். நம்மைச் சுட்ட சொல்லுக்கு வருந்தும் நாம், அவர்களைச் சுட்ட சொல்லையும் வாயில் வைக்கலாகாது.

ஆகவே தலைப்பைப் படித்துவிட்டுப் படத்தை விட்டுவிடாதீர்கள். தலைப்பை மூடிக்கொண்டு படத்தைப் பாருங்கள். ஓரத்தில் ஒரு கடைப் பலகை தெரிகிறதா? அதில் தமிழ் எழுத்து இருக்கிறதா? வாசலில் நிற்பவர் தலையில் தொப்பியா, உருமாலா? என்ன சரக்கு தொங்குகிறது? போட்டோக்காரர் மணிக்கூண்டை எடுக்க வந்தார். அவர் நினைக்காமலே நம்மவரின் கடையும் சேர்ந்து விழுந்துவிட்டது. அப்படித் தற்செயலாக விழுந்தவற்றை நம்பலாம். அவற்றை யாரும் நிறுத்தி வைத்து எடுக்கவில்லை.

பிறர் இந்த வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். சியா ஜின் செங் என்பவர் சிங்கப்பூர், மலாயாப் பழைய கார்டுகளை ஐந்நூறு ஐந்நூறாகத் தொகுத்துப் புத்தகமாக்கினார். சென்னை, பெங்களூர்க் கார்டுகளைக் கொண்டு 2018-ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று கண்காட்சியே நடத்தியது. கூ சல்மா நாசுத்தியோன் அம்மையார் பினாங்கின் கார்டுகளைத் தொகுத்ததோடு, கப்பித்தான் கிளிங் பள்ளியைச் சுற்றி வாழ்ந்த சூலியாக்களைப் பற்றி 2014-ல் பெரிய நூலொன்றும் வெளியிட்டார். அவர்களுக்கு நன்றி. ஆனால் படத்தில் இருப்பவரின் பெயரை அவர்களால் சொல்ல முடியாது. அதைச் சொல்லக் கூடியவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள்.

நாலாம் பாடம்: பின்பக்கத்து எழுத்து

சேகரிப்பவர்களில் பலர் எழுதாத சுத்தமான கார்டையே விரும்புகிறார்கள். நம் சமூகத்துக்கோ எழுதிய கார்டுதான் பொக்கிஷம். மேலே 786 என்று இட்டு, ஸலாம் கூறி, சரக்கு வந்த விவரமும், உண்டியல் அனுப்பிய தொகையும், பிள்ளையின் ஓதல் எந்த மட்டில் இருக்கிறது என்ற விசாரிப்பும் நாலு வரியில் அடங்கியிருக்கும். படக் கார்டு மட்டுமல்ல, படமில்லாத கால் அணா கார்டையும் இந்தக் காரணத்துக்காகக் காப்பாற்ற வேண்டும்.

சில கார்டுகளைப் பார்த்தவுடன் அரபு என்று எண்ணிவிடுவோம். வாய்விட்டுப் படித்தால் அது தமிழாக இருக்கும். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ், காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தழைத்து, கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பெரியோர்களின் நூல்களுக்கு வாகனமாயிற்று. அரபியில் இல்லாத தமிழ் ஓசைகளுக்குப் புள்ளிகள் கூட்டிப் புதிய எழுத்துகள் அமைத்தார்கள். மதரஸாவில் அதை ஓதிய தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. நம் பிள்ளைகள் நல்ல மலாய் படிக்கிறார்கள், ஆங்கிலம் படிக்கிறார்கள். பாட்டனார் எழுதிய கார்டைக் கையில் கொடுத்தால் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். கார்டு பத்திரமாக இருந்தும் படிக்க ஆளில்லை என்றால், பூட்டு இருந்து சாவி தொலைந்த கதைதான். ஆகையால் அரபுத் தமிழ் தெரிந்தவர்கள், கிடைக்கும் ஒவ்வொரு கார்டையும் தமிழ் எழுத்தில் பெயர்த்து ஒரு தாளில் எழுதி அதனோடு சேர்த்து வையுங்கள். இந்த வேலைக்குத் தவணை சொல்ல முடியாது.

ஐந்தாம் பாடம்: காப்பாற்றுவதும் விற்பதும்

நம் மலையில் காகிதத்துக்கு முதல் எதிரி ஈரம். மூடிய தகரப் பெட்டியில் போட்டுச் சுவரோரம் வைத்தால் பூஞ்சணம் பூத்துவிடும். காற்றோட்டமுள்ள அலமாரியில், தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். ஒவ்வொரு கார்டையும் தனித்தனி உறையில் இடுங்கள். நாளடைவில் பிசுபிசுக்கும் மட்டமான பிளாஸ்டிக் உறை ஆகாது. ஒட்டு நாடா, கோந்து, ரப்பர் பட்டை, குண்டூசி எதுவும் படக் கூடாது. சூடாக்கிப் பிளாஸ்டிக் ஒட்டிக் கொடுக்கும் கடைக்கு ஒருநாளும் கொண்டு போகாதீர்கள். ஒட்டியதைப் பிரிக்க முடியாது. குறிப்பு எழுத வேண்டுமானால் உறையின் மேல் எழுதுங்கள். கார்டிலேயே எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள்.

இருபுறமும் படம் பிடித்து இரண்டு இடங்களில் வையுங்கள். இரண்டு இடம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2013 அக்டோபர் 23-ம் தேதி அதிகாலையில், அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் நம் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்தது. உயிர்கள் போயின, வீடுகள் இடிந்தன. உயிருக்கு முன்னால் காகிதம் பெரிதல்ல. ஆனாலும் அன்று சேற்றில் போன குடும்பப் படங்களையும் பத்திரங்களையும் எந்த நிவாரண நிதியாலும் திருப்பிக் கொடுக்க முடியாது. ஒரு பிரதி வேறு ஊரில் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருந்தால், அடுத்த வெள்ளம் அதைத் தொடாது.

விற்க விரும்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மலைக்கு வரும் பயணிகளுக்குப் பழைய படங்களின் மறு அச்சை விற்பது நல்ல தொழில்தான். மறு அச்சு என்று பின்னால் தெளிவாக அச்சிடுங்கள். படம் எடுத்தவர் யாரென்று தெரிந்தால் அனுமதி வாங்குங்கள். தேயிலைத் தண்ணீரில் நனைத்துப் பழுப்பேற்றிப் பழசு என்று விற்பது வியாபாரமல்ல, ஏமாற்று. சரக்கின் குறையை மறைத்து விற்கலாகாது என்பது நாம் சிறுவயதில் ஓதிய பாடம். காகிதச் சரக்குக்கும் அதுவே சட்டம்.

பயிற்சி

பாடம் என்றால் பயிற்சியும் வேண்டும். இந்த மாதத்தில் ஒவ்வொருவரும் தம் கடை மாடியிலோ வீட்டுப் பெட்டியிலோ ஒரு கார்டைத் தேடி எடுங்கள். கீழ்க்கண்ட ஆறு விவரங்களை ஒரு தாளில் எழுதுங்கள்: படத்தில் உள்ள இடம், பின்பக்கத்தின் அமைப்பு, தபால் தலை, முத்திரைத் தேதி, யாரிடமிருந்து யாருக்கு, படத்தில் உள்ளவர்களில் பெயர் தெரிந்தவர்கள். பெயர் தெரியாவிட்டால், குடும்பத்தின் மூத்தவரிடம் கார்டைக் கொடுத்து, அவர் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்டு எழுதுங்கள்.

இது படித்தவர்கள் மட்டும் செய்யக்கூடிய காரியம் என்று எண்ண வேண்டாம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் பெயர்ப் பலகை எழுதும் தொழில் செய்தவர். பழைய புத்தகங்களோடு, பிறர் குப்பையென்று ஒதுக்கிய துண்டு விளம்பரங்களையும் அழைப்பிதழ்களையும் ஆயுள் முழுதும் சேர்த்தார். அவர் 1992-ல் காலமான பின் அந்தச் சேகரிப்பைக் கொண்டே சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இன்று தமிழைப் பற்றி எழுதுகிறவர்கள் உலகின் பல பக்கங்களிலிருந்தும் அங்கே வருகிறார்கள். நம் பிரிஞ்சாங்கிலும் டைம் டன்னல் என்ற பெயரில் பழம்பொருள் காட்சியகம் ஒன்றைத் தனியார் ஒருவர் தொடங்கி, இம்மலையின் பழைய படங்களை மக்கள் பார்க்க வைத்தார். சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் முதலில் வந்தது. மற்றவை பின்னால் வந்தன.

நம் சங்கத்தில் ஒரு அலமாரி ஒதுக்கினால் போதும். கார்டைக் கொடுக்க மனமில்லாதவர்கள் அதன் பிரதியையும் அந்த ஆறு விவரங்களையும் கொடுக்கட்டும். பெயரில்லாமல் தமிழ்க் கூலி என்றும் கிளிங் என்றும் அச்சானவர்களில் பத்துப் பேருக்காவது அவர்கள் தாய் தகப்பன் வைத்த பெயரை நாம் திருப்பிக் கொடுத்தால், அது இச்சங்கம் செய்த நல்ல காரியங்களில் ஒன்றாக நிற்கும். பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே இதைத் தொடங்குவோமாக.